திரிந்த மருந்து

நர்சிங் படிக்கப் போன முதல் மாதத்தில் எனக்குப் பிடித்துப்போனது ஊசியும் இல்லை, வெள்ளைச் சீருடையும் இல்லை. டாக்டர்கள் சீட்டில் கிறுக்கும் ரெண்டெழுத்தும் மூன்றெழுத்தும்தான். பி.டி. என்றால் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை, ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது, எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். ஊரில் எல்லாரும் மருந்துச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விழித்தது இதற்குத்தானா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் அதில் எழுதி வைத்தேன்.

இது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். விருத்தாசலத்தில் வீட்டிலிருந்தே பயிற்சிப் பள்ளிக்குப் போய்வந்ததால் என் புதுப் படிப்பு வீட்டாரைத்தான் முதலில் படுத்தியது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை அம்மா ஒருசந்தி இருந்தால், "அம்மா இன்னிக்கு என்.பி.எம்., வாயால எதுவும் குடுக்கக் கூடாது" என்று அறிவிப்பேன். அப்பா நான்காவது தடவை டீ கேட்டால், "உங்களுக்கு டி.டி.எஸ்.தான் எழுதியிருக்குது, முடிஞ்சுபோச்சு" என்பேன். படிப்பு ஏறியதோ இல்லையோ, வாய் நன்றாக ஏறியிருக்கிறது என்று அம்மா சொல்வாள். அவள் சொன்னது சரிதான்.

நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த சுருக்கம் டி.பி.டி. ஒரே ஊசிக்குள் மூன்று நோய்களுக்குத் தடுப்பு: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி. மூன்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவேன், ஆனால் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்க்காத நோயைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பது எனக்கு விசித்திரமாக இருந்தது. வகுப்பு எடுக்கும் மேடத்திடம் ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"தொண்டை அடைப்பான் நீங்க பாத்திருக்கீங்களா மேடம்?"

"ஒண்ணே ஒண்ணு. நான் படிக்கிறப்ப." தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஒன்று படர்ந்திருந்ததையும், அந்தப் பிள்ளை மூச்சை இழுத்த சத்தத்தையும் சொன்னார். "இன்னொண்ணு பாக்க வேணாம்னுதான் இவ்வளவும் பண்றோம்" என்றார். அன்று மாலை டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லார் தொண்டையையும் பார்த்தேன். அப்பா தொண்டையில் வெற்றிலைக் கறைதான் இருந்தது.

இரண்டாம் வருஷம் களப்பயிற்சிக்கு என்னை ஒரு கிராமச் சுகாதார நர்ஸோடு சேர்த்துவிட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், அதிகம் பேசமாட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். புதன்கிழமை தோறும் ஏதாவது ஒரு தெருவில் தடுப்பூசி. பங்குனி மாதத்தில் ஒரு புதன்கிழமை பீங்கான் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பு எங்களுக்கு விழுந்தது. ஜாடி, பொம்மை, ஃப்யூஸ் கேரியர் என்று எல்லாம் அங்கேதான் அச்சில் ஊற்றிச் சூளையில் வேகவைப்பார்கள். பங்குனி வெயிலோடு சூளைச் சூடும் சேர்ந்தால் அந்தத் தெருவில் நிற்பதற்கே ஒரு தெம்பு வேண்டும்.

தடுப்பு மருந்து சூடு பட்டால் கெட்டுவிடும் என்று மேடம் எங்களுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்குச் சூடு என்றால் வெயில். எங்களுக்குச் சூடு என்றால் சூளை. எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் சூளைப் பக்கம் போவதானால் ஐஸைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும் என்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எங்களுக்குள் வந்த ஞானம் அது.

முறை என்னவென்றால், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். அது வேர்த்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகுதான் மருந்துப் பெட்டிக்குள் வைக்கலாம். இதுவும் என் நோட்டில் இருந்தது, அடிக்கோடு போட்டு. ஆனால் அன்று, சூளைத் தெருவுக்குப் போகிறோம், வேர்க்க விட்டால் பாதிக் குளிர் இங்கேயே போய்விடுமே என்று எனக்குத் தோன்றியது. கல் மாதிரி இருந்த நான்கு பாக்கெட்டுகளை அப்படியே பெட்டிக்குள் இறக்கி, மருந்துக் குப்பிகளை அவற்றோடு ஒட்டினாற்போலத் திணித்து மூடினேன். அக்கா வாசலில் நின்று, "ஐஸ் வச்சுட்டியா?" என்று கேட்டார். "வச்சுட்டேங்க்கா" என்றேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே பெருமை.

பால்வாடியில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தோம். அக்கா கர்ப்பிணிகளைப் பார்க்க அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் உண்டு. வட்டத்துக்குள் ஒரு சதுரம். மருந்துக்குச் சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். நான் அரை மணிக்கு ஒரு தரம் அதை எடுத்துப் பார்த்தேன். சதுரம் வெளுப்பாக இருந்தது. பெட்டியில் இருக்கும் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஸ்டிக்கருக்குச் சூடு மட்டும்தான் தெரியும், குளிர் தெரியாது என்பது என் மண்டையில் அன்று உறைக்கவே இல்லை.

முதலில் வந்தவள் வெளியூர்ப் பெண். இருபது, இருபத்தோரு வயது இருக்கும். அம்மா இல்லாததால் பிரசவத்துக்கு அந்தத் தெருவில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு அது மூன்றாவது டி.பி.டி. அன்று பதினொரு மணி பஸ்ஸுக்குப் பெண்ணாடம் பக்கம் புருஷனிடம் போகிறாளாம். அங்கே கரும்பு வெட்டுகிற வேலை. கார்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தாள். எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது, ஏனென்றால் என்னைப் போலவே கேள்வி கேட்டாள்.

"இந்த எழுத்தெல்லாம் என்னாங்க?"

ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னேன். பி.சி.ஜி. காசநோய்க்கு, ஓ.பி.வி. இளம்பிள்ளைவாதத்துக்கு, டி.பி.டி. இந்த மூன்றுக்கு. ஊசி போட்டு, மூன்றாவது கட்டத்தில் தேதி எழுதி டிக் அடித்துக் கொடுத்தேன்.

"இதோட முடிஞ்சுதுங்களா?"

"கைக்குழந்தைக்கு இந்த ஊசி முடிஞ்சுதுங்க. ஒம்பது மாசத்துல தட்டம்மை ஊசி, அப்புறம் ஒன்றரை வயசுல ஒண்ணு."

"நல்ல மருந்துதானங்க?"

"நல்ல மருந்துங்க" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

அவளுக்குப் பிறகு ஐந்து குழந்தைகளுக்குப் போட்டேன். ஏழாவதாக வந்தது ஒரு பீங்கான் கம்பெனியில் கரைசல் ஊற்றும் பெண். களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துப் பாலாக்கி, அச்சுகளில் ஊற்றுவது அவள் வேலை. முழங்கை வரை வெள்ளை அப்பியிருந்தது. குழந்தைக்கு இரண்டாவது ஊசி. நான் கார்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அவள் கண் பெஞ்சின் மேல் நின்ற டி.பி.டி. குப்பியில் இருந்தது.

"நர்ஸம்மா, மருந்து திரிஞ்சிருக்குது."

"திரியலீங்க. இது அடியில படியும். குலுக்கிட்டுத்தான் போடணும்."

"படியறது வேற, திரியறது வேறங்க. குலுக்கி வையுங்க பாப்பம்."

குலுக்கி வைத்தேன். கண்ணெதிரிலேயே மேலே தண்ணீர் தெளிந்தது. அடியில் பொட்டுப் பொட்டாக வெள்ளை இறங்கியது. திரிந்த பால் மாதிரிதான் இருந்தது.

"போன மாசம் மொத ஊசிக்கு நான்தான் வந்தேன். அன்னிக்கு மருந்து இப்புடி இல்ல. எங்க கம்பெனியில கரைசல் இப்புடித் திரிஞ்சிருந்தா அச்சுல ஊத்த மாட்டோம். ஊத்தினா சாமான் ஒழுங்கா வராது."

"இது களிமண் இல்லீங்க, மருந்து" என்றேன். அப்படிச் சொன்ன தொனியை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. "இருக்கட்டும். ஆஸ்பத்திரியில இதே மருந்து இன்னொண்ணு இருக்குமில்ல, அதக் கொண்டாந்து பக்கத்துல வச்சு ரெண்டையும் குலுக்குங்க. ரெண்டும் ஒரே மாதிரி படிஞ்சா போட்டுக்கறேன்" என்றாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டியிலிருந்த மற்ற குப்பிகளையும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தேன். அவையும் அப்படியே படிந்தன. அதற்குப் பிறகு நான் சைக்கிளை எடுத்தது பொறுப்பினால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது வெறும் ஆர்வம். அவள் சொன்னது நடக்குமா என்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய், ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு குப்பி வாங்கி வந்தேன். திரும்புவதற்குள் அக்காவும் பால்வாடிக்கு வந்துவிட்டார். இரண்டு குப்பிகளையும் இரண்டு கையில் பிடித்து ஒன்றாகக் குலுக்கிப் பெஞ்சில் வைத்தேன். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். என் குப்பி கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. புதுக் குப்பி சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகவே நின்றது.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. இதற்கு ஷேக் டெஸ்ட் என்று பெயர். ஒரு முறை உறைந்து, நாம் பார்ப்பதற்குள் உருகியும் போன டி.பி.டி. மருந்தைக் கண்டுபிடிக்க, சந்தேகப்பட்டதையும் வேறொன்றையும் குலுக்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது. பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன். அதே சோதனையை அந்தப் பெண் நோட்டு இல்லாமல், பேர்கூடத் தெரியாமல் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் அவளிடம் இது களிமண் இல்லை என்று சொல்லியிருந்தேன்.

அக்கா ஒரு ஐஸ் பாக்கெட்டை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். "வேர்க்க விட்டியா?" என்றார்.

"இல்லீங்க்கா. சூளைப் பக்கம் வர்றோமேன்னு..."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

ஊசி போட்டுக்கொண்டு இன்னும் வீட்டுக்குப் போகாத ஒரு தாய், "அப்ப எங்க புள்ளைக்குப் போட்டது?" என்று கேட்டாள். என் சர்டிபிகேட் போனது போனதுதான் என்று நினைத்தேன். ஆனால் எதிரே இரண்டு குப்பிகளும் இருந்தன, மறைக்க ஒன்றும் இல்லை. "மருந்து என் தப்பால உறைஞ்சுபோச்சுங்க. அதுக்குச் சக்தி இருக்காது. திரும்பப் போடணும்" என்றேன்.

சத்தம் எழும்பத் தொடங்கியது. அந்தக் கரைசல் ஊற்றும் பெண்தான் குறுக்கே பேசினாள். "கரைசல் கெட்டா நம்ம என்னா பண்றோம்? வாரிக் கொட்டிட்டு வேற கலந்து ஊத்துறோம். அவங்களே ஒத்துக்குறாங்க இல்ல. வுடுங்க." அவ்வளவுதான். அந்தத் தெருவில் எல்லாருக்கும் கெட்ட கரைசல் என்றால் என்ன என்று தெரியும். முணுமுணுத்தாலும் புரிந்துகொண்டார்கள். வீட்டுக்குப் போனவர்களையும் கூப்பிட்டு, ஐந்து கார்டுகளிலும் என் டிக்கின் குறுக்கே நானே கோடு போட்டேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போடலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். என் சர்டிபிகேட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த ஒரு மாதமும் எனக்கு இதே யோசனைதான். டாக்டரிடம் போய், மருந்து ஏன் திரிகிறது என்று கேட்டேன். மருந்து அலுமினிய உப்பின் மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு மிதக்கிறது, உறைந்தால் துகள்கள் கட்டியாகச் சேர்ந்துவிடும், பிறகு உருக்கினாலும் பிரியாது என்றார். அப்படியானால் களிமண் எப்படித் திரியும் என்று பார்க்க அந்தப் பெண் வேலை செய்யும் கம்பெனிக்கு ஒரு மதியம் போனேன். தொட்டியில் கரைசல் கெட்டியாக இருந்தது. அவள் சிலிக்கேட் என்கிற ரசாயனத்தில் ஒரு கரண்டி ஊற்றிக் கலக்கினாள். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காமலே கரைசல் பால் போல இளகி ஓடியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அளவு கொஞ்சம் மீறினால் இதே சிலிக்கேட் கரைசலைக் கெடுத்துவிடுமாம். அவள் விரலை விட்டு எடுத்து, அது சொட்டுகிற விதத்தைப் பார்த்தே சரியா இல்லையா என்று சொன்னாள்.

"நீங்க எதுக்கு அன்னிக்குக் குப்பியப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"எதப் பாத்தாலும் அடியில என்னா இருக்குதுன்னுதான் பாப்பேன். வூட்டுல ரசத்தக்கூட" என்றாள்.

மறு மாதம் அந்த ஐந்து பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திகூடத் தவறவில்லை. உண்மையைச் சொன்னால் ஜனங்கள் புரிந்துகொள்வார்கள் என்று எனக்கு ஒரு பெரிய தைரியம் வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குழந்தை, பெண்ணாடம் பக்கம் போய்விட்ட அந்தக் குழந்தை. கார்டில் மூன்றாவது கட்டத்தில் என் டிக் இருந்தது. அதைப் பார்க்கிற எந்த நர்ஸும் இது முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குப் போய்விடுவார்.

அந்தப் பெண்ணின் சித்தியிடம் இடத்தை விசாரித்துக்கொண்டு, அந்தப் பகுதி நர்ஸிடம் அக்காவே பேசி, என்னை அனுப்பினார். ஐஸ் வேர்ப்பதை இந்த முறை நாங்கள் இருவருமே பார்த்துக்கொண்டு நின்றோம். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "கெட்டுப்போச்சு, உறைஞ்சுபோச்சுன்னு எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காத. இன்னும் ஒரு ஊசி பாக்கி இருக்குதுன்னு மட்டும் சொல்லிப் போட்டுட்டு வா."

நான் தலையாட்டினேன். ஆனால் மனசுக்குள், இத்தனை வருஷம் வேலை பார்த்தவர் இப்படி மழுப்பச் சொல்கிறாரே என்று இருந்தது. சூளைத் தெருவில் உண்மை ஜெயித்ததை அவரும்தானே பார்த்தார்?

பெண்ணாடத்தில் இறங்கி, கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரும் பாதையில் நடந்தேன். வயலோரத்தில் கரும்புச் சோகையால் வேய்ந்த ஏழெட்டுக் குடிசைகள். அவள் என்னைத் தூரத்திலேயே கண்டுகொண்டாள்.

"நீங்கதான ஊசி போட்டது? வாங்க வாங்க." சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்காமலே கார்டை எடுத்துவந்தாள். "எல்லா ஊசியும் போட்டாச்சுன்னு இவங்க அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப சந்தோஷம் அவுருக்கு." குழந்தை பாயில் குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

நான் கார்டை வாங்கி, மூன்றாவது கட்டத்தில் குறுக்கே கோடு போட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ், சூளை, உறைந்தது, இரண்டு குப்பிகள், குலுக்கியது. ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவள் முகம் மாறியதை நான் பாதியில்தான் கவனித்தேன்.

"அப்ப கெட்டுப்போன மருந்தையா எங்கொழந்த ஒடம்புல ஏத்துனீங்க?"

"பயப்படாதீங்க. அதால பலன்தான் இருக்காது."

அவள் குழந்தையைத் தூக்கித் தொடையைக் காட்டினாள். ஊசி போட்ட இடத்தில் தழும்பு மாதிரி ஒரு சின்னத் தடிப்பு. "பத்து நாளு கட்டியா வீங்கிக் கெடந்துது. தொட்டா அழுவும். ஊசின்னா அப்புடித்தான் இருக்கும்னு பொறுத்துக்கிட்டேன்."

உறைந்த மருந்தால் அப்படிக் கட்டி வரலாம் என்பதும் என் நோட்டில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு, "இது நல்ல மருந்துங்க. அன்னிக்கு நடந்த மாதிரி நடக்காது" என்றேன்.

"அன்னிக்கும் நல்ல மருந்துன்னுதான சொன்னீங்க."

குப்பியை எடுத்துக் குலுக்கிக் காட்டினேன். அது வெள்ளையாகவே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். வெள்ளையாக நின்றால் என்ன, படிந்தால் என்ன, அவளுக்கு அது ஒரு சேதியும் சொல்லவில்லை. "வேணாங்க, போதும்" என்றாள். நான் எவ்வளவோ கெஞ்சினேன். அவள் கத்தவில்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பகுதி நர்ஸ் அடுத்த வாரம் போனபோதும் அவள் தரவில்லை. ஆலையில் அரவை முடிந்ததும் அந்தக் குடும்பங்கள் வேறெங்கோ கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்று சாயந்திரம் நான் திரும்பியபோது அக்கா பதிவேட்டை விரித்து வைத்துக் காத்திருந்தார்.

"போட்டியா?"

"இல்லீங்க்கா. வேணாம்னுட்டாங்க."

"என்னா சொன்ன?"

"நடந்தத அப்படியே சொன்னேங்க்கா. பொய் சொல்ல மனசு வரல."

"நான் பொய் சொல்லச் சொன்னனா?" என்று கேட்டார். "ஒரு ஊசி பாக்கி இருந்துதா இல்லியா?"